யாருடைய பாவாடை

பாவாடையின் விளிம்பு நனைந்திருந்தது. காலையில்தான் ஆயா சந்திரவல்லி அதை உதறி வெயிலில் போட்டு, முடை நாற்றம் போகச் சாம்பிராணிப் புகை காட்டி, துரையின் மகள் ஜேன் பாப்பாவின் படுக்கையறை மூலையில் நிறுத்திய மூங்கில் சட்டத்தில் மாட்டியிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, கூரையும் ஒழுகவில்லை. ஐப்பசி மாதத்தில் இந்த மலையில் எதுதான் ஈரமாகாது, மஞ்சுமூட்டம் வந்து அப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். துடைத்த கையை முகர்ந்து பார்த்தாள். எந்நேரமும் விரலில் ஒட்டிக் கிடக்கும் ஏலக்காய் வாசம் அதில் இல்லை, ஓடைச் சேற்று வாசம் அடித்தது.

குரங்கணிக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய் எஸ்டேட்டில், சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடமாகியும் துரை மூட்டை கட்டவில்லை. துரைசாணியும் தன் ஊர்ப் பண்டிகை எதையும் விடவில்லை. இந்தப் பருவத்தில் பேய்களுக்கென்றே அவர்களுக்கு ஒரு நாள் வருமாம். அன்றைக்குக் குழந்தையின் அறையைப் பேய்வீடு மாதிரி சோடிக்க வேண்டுமாம். கண்ணேறு கழிய நாம் வாசலுக்கு வெளியே கட்டுகிற பூசணிக்காயை, இவர்கள் கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, பிள்ளையின் தலைமாட்டிலேயே வைக்கிறார்கள். என்ன கூத்தோ, போங்கள். பட்லர் ஜெபமணி கறுப்புக் காகிதத்தில் வௌவால் வெட்டிச் சுவரெங்கும் ஒட்டினார். மூலையில் நிறுத்த ஒரு பேய்ப்பெண் வேண்டும், பழைய நாட்டுப் பாவாடை ஏதாவது கிடைக்குமா என்று துரைசாணி ஆயாவைக் கேட்டதுதான் வினை.

சந்திரவல்லியிடம் ஒன்று இருந்தது. அவளுடைய தங்கச்சி பேச்சி சின்ன வயதிலேயே, மழைக்கால ஓடையில் வெள்ளத்தோடு போனவள். கன்னியாகச் செத்த பிள்ளை அவர்களுக்கு வீட்டுச்சாமி. வருடத்துக்கு ஒருதரம் புதுப்பாவாடை எடுத்து, புகை காட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிறகு ஓலைப்பெட்டியில் மடித்து வைப்பார்கள். ஆத்தா செத்தபின் பெட்டி இவளிடம் வந்தது. பங்களா வேலைக்கு வந்த பிறகோ இவளுக்கு அது கூச்சமாகிவிட்டது. ஜெபமணி பார்த்தால் சிரிப்பாரே என்று பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வருடக்கணக்காகத் திறக்காமலே இருந்தாள். துரைசாணி வாயால் 'ஆயா கெட்டிக்காரி' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஓடிப்போய்த் திறந்தாள்.

சட்டத்தில் மாட்டும்போது கை பழகிய வாக்கில் வாயும் முணுமுணுத்துவிட்டது. "வா தாயி, வந்து உக்காரு பேச்சி." சொன்ன பிறகுதான் உறைத்தது. புகை காட்டியாயிற்று, பாவாடையை விரித்தாயிற்று, பேர் சொல்லிக் கூப்பிட்டும் ஆயிற்று.

சாயங்காலம் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து துரைமார் பிள்ளைகளோடு ஜீப்பில் வந்தார்கள். பிள்ளைகள் வீலென்று கத்திச் சிரித்தன. தடித்த துரை ஒருவர் கைத்தடியால் பாவாடையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்க்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்திரவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஜெபமணி அவள் பக்கம் திரும்பினார்.

"இது யாரோட பாவாடைன்னு அம்மா கேக்குறாக."

"யாரோடதும் இல்லண்ணே. ஸ்டோருக்குப் பின்னால குப்பையில கெடந்துச்சு."

சொல்லிவிட்டாள். எவ்வளவு லேசாக வந்துவிட்டது! கூடப்பிறந்தவளைக் குப்பையில் கிடந்தது என்று சொன்ன வாயில் புழு வைக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காறித் துப்ப வேண்டுமென்றால் தன் முகத்திலேதான் துப்ப வேண்டும். தலையைத் தூக்காமல் நின்றாள். பாவாடை விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இருட்டுமுன் பாதை இறங்க வேண்டுமென்று ஜீப்புகள் வெரசாகக் கிளம்பிவிட்டன. மஞ்சு வந்து ஜன்னலை மூடியது. துரைசாணி வழக்கம்போலப் பாப்பாவைப் பொழுதோடு படுக்க அனுப்பினாள். எப்படியாவது பாவாடையை எடுத்துப் பெட்டியில் வைத்து, தங்கச்சி காலில் விழுந்துவிட வேண்டும் என்ற தவிப்போடு, போர்வையைச் சரிசெய்யும் சாக்கில் சந்திரவல்லி அறைக்குள் போனாள்.

சட்டம் மொட்டையாக நின்றது.

பூசணிக்காயின் பல்லுக்குள் மெழுகுவத்தி துடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பலகைத் தரை மினுங்கியது. ஈரம். மூலையிலிருந்து கட்டில் வரைக்கும். சின்னச் சின்னக் காலடிகள். திரும்பி வந்த தடம் இல்லை.

ஜேன் பாப்பா சுவரோரமாக ஒட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் பாதிக் கட்டில் இடம் விட்டிருந்தது. ஆயாவிடம் பேசிப் பழகிய தமிழில் மெல்லக் கேட்டாள்.

"ஆயா, இவ யாரோடதும் இல்லயாம். எங்கூடவே வச்சுக்கவா?"

தலையணையின் அந்தப் பக்கம் குழிந்திருந்தது. குழியில் தண்ணீர் ஊறியது. சேற்று வாசம்.

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் தங்கச்சி என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வா என்று கையை நீட்ட வேண்டும். சொந்தம் கூப்பிட்டால் வந்துவிடும். பாப்பாவை விட்டுவிடும். அவ்வளவுதான்.

வாயைத் திறந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். வாசலில் துரைசாணி. அவள் தோளுக்குப் பின்னால் ஜெபமணி. எதைப் பார்த்து இப்படி நிற்கிறாய் ஆயா என்று துரைசாணி சிரித்துக்கொண்டே கேட்டாள். ஜெபமணியும் புருவத்தைத் தூக்கினார்.

பேச்சி. தொண்டை வரை வந்தது. பெட்டியைச் சொல்ல வேண்டும். குப்பை என்று சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காது மடல் கொதித்தது.

"ஒண்ணுமில்லம்மா."

மெழுகுவத்தி தானாக அணைந்தது. துரைசாணி வாசலில் நின்றபடியே மகளுக்கு ஒரு முத்தத்தைக் காற்றில் அனுப்பிவிட்டு நடந்தாள். ஜெபமணி அவள் பின்னால் போனார். கூடத்தில் ரெண்டு பேரும் நின்று சிரிப்பது காதில் விழுந்தது. கூடத்து வெளிச்சம் ஒரு கீற்றாகக் கட்டிலில் விழுந்தது. போர்வை கறுப்பாக நனைந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து. பாப்பாவை நோக்கி. போர்வைக்கு அடியிலிருந்து, தண்ணீரில் ஊறி வெளுத்த ஒரு சின்னக் கை நீண்டு, பாப்பாவின் கழுத்தைச் சுற்றி அணைத்துக்கொண்டது. பாப்பா குளிரில் நடுங்கினாள். ஆயா என்றாள்.

சந்திரவல்லி தன் கையாலேயே கதவைச் சாத்தினாள்.