ஏற்றுக்கொண்ட ஆபத்து

“ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை மொத்தமா துண்டிங்க சார். இப்பவே.”

எதைக் கேட்கவே கூடாதென்று கணினிப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவைத்தார்களோ, அதைக் கேட்டுவிட்டாள். மேலாளர் டீ கலக்குவதை நிறுத்தவில்லை.

செத்துப்போன டெக்னீஷியன் பெயரில் யாரோ நெட்வொர்க்குக்குள் வந்திருந்தார்கள். மருந்து ஏற்றும் பம்புகள் அத்தனையும் அவருடைய பாஸ்வேர்டில்தான் ஓடின. மாற்றினால் அரை நாள் பம்புகளை நிறுத்த வேண்டும். அதனால் ஆள் போய் மூன்று மாதமாகியும் பாஸ்வேர்டு சாகவில்லை. ஆபத்துப் பட்டியலில் அவள் அதைச் சிவப்பில் எழுதியிருந்தாள். இயக்குநர்கள் கூட்டத்துக்கு முந்தின நாள் மேலாளர் பச்சையாக்கி, பக்கத்தில் ‘ஏற்றுக்கொண்ட ஆபத்து’ என்று தட்டிவிட்டார். யார் ஏற்றுக்கொண்டது? படுக்கையில் கிடப்பவர்களா?

ஜன்னலில்லாத அறையில் சர்வர்களின் இரைச்சலும் சூடேறிய தூசியின் வாடையும் நெஞ்சை அடைக்க, கேமரா திரையில் மாடியிலிருந்த தீவிர சிகிச்சை வார்டு சத்தமில்லாமல் தெரிய, பக்கத்துத் திரையில் செத்தவரின் பெயர் ஒவ்வொரு பம்பாக, அவசரமே இல்லாமல், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் படுக்கை. மூன்று.

ஒன்பதில் அவள் அம்மா.

வார்டுக்குப் போன் போட்டாள். “சிஸ்டர், பம்பையெல்லாம் கையால நிறுத்துங்க!”

“எதுக்கும்மா? நாடி, மருந்தளவு எல்லாம் சரியாத்தானே காட்டுது. காலையில கத்திட்டிருந்தவங்ககூட அசந்து தூங்குறாங்க. நீ வேற எழுப்பிவிட்டுடாத.”

ஐந்து. ஆறு.

“குடும்பத்துலயே முதல்ல படிச்ச பொண்ணு,” மேலாளர் டீயை ஊதினார். “படிப்பு ஒரு முழம், வாய் ஒன்பது முழம். உங்கம்மாவுக்கு இங்க ஓசி வைத்தியம், ஞாபகம் இருக்கா? கேபிள்ல கை வச்சா இன்னைக்கே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ.”

“திரையில காட்டுறதும் உள்ள வந்தவன் கையிலதான். மேல இருக்கறவங்க சாகறாங்க சார்.”

“திரையில பச்சைதானே எரியுது?”

ஏழு.

எட்டு. கேமரா திரையில் எட்டுக் குழாய்களிலும் மருந்து ஒரே நேரத்தில் சொட்டியது. ஒரே நேரத்தில் நின்றது. சொட்டியது.

அவள் கேபிள் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டாள். கேபிள் அறை தாழ்வாரத்தின் கடைசியில். நாற்பது காலடி.

வாசலைத் தாண்டும்போது திரை கண்ணில் பட்டது. எட்டுப் போர்வைகள். எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. நர்ஸ் குனிந்து, எட்டாவதைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

ஒன்பதில், அம்மா நிம்மதியாகக் கொட்டாவி விட்டாள்.

அவள் கத்தரியோடு கேபிள் அறைக்கு நடந்தாள்.