கொஞ்சம் சாப்பிடுறீங்களா, எவரிஸ்டோ?

பஸ் கோயிம்ப்ராவில் நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள்… ஒருவரைத் தவிர!

"எவரிஸ்டோ ஐயா… யுனிவர்சிட்டி வந்தாச்சு. எழுந்திரிங்க."

கைடு டெல்ஃபினா அவர் தோளைத் தொட்டாள். ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்த தலை மெல்ல நழுவி, முன் சீட்டின் முதுகில் போய் இடித்தது.

டெல்ஃபினா வீறிட்டாள்.

கீழே நின்றிருந்த ஒடேட்டுக்கு அந்த அலறல் கேட்டது. எல்லோரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் தன் கணவரைத் தேடினாள்.

ஜெர்மானோ ஒரு மரத்தடியில் நின்று, யாரிடமோ ஏதோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் சிவந்து, தொப்பை குலுங்கி… முழு உயிரோடு!

தப்பான ஆள் செத்துப்போயிருந்தார்.

ஒடேட்டுக்கு அது புரிய நேரமாகவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அது இன்றைக்கு மரத்த மனசு இல்லை.

அதற்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மகள் மரீலியா தனக்குப் பிடித்தவனோடு லக்ஸம்பர்க் கிளம்பியபோது, அப்பா ஜெர்மானோ கதவை அடைத்துக்கொண்டார். அம்மா ஒடேட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜெர்மானோ மனைவியோடு பேசுவதில்லை.

வெளியே அவர் தங்கமான மனுஷர். மாதா திருவிழா என்றால் அவர் கான்செர்டினா வாசிக்காமல் நடக்காது. வீட்டுக்குள் வந்தால், பூனையிடம்தான் பேச்சு.

"சூப்புல உப்பு கூடிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு."

பூனை சொல்லவில்லை. பிறகு அதுவும் செத்துப்போனது. அதற்கப்புறம் ஜெர்மானோ எதிரே இருந்த காலி நாற்காலியிடம் பேசினார். போன வசந்தத்தில் ஒரு நாள், தாங்க முடியாமல் ஒடேட் குறுக்கே புகுந்து, "சரி, நாளைக்குக் குறைச்சுப் போடுறேன்" என்றாள்.

ஜெர்மானோ நாற்காலியை வியப்போடு பார்த்தார். "பரவாயில்லையே… பதிலெல்லாம் சொல்லுதே!"

அன்றைக்குத்தான் அவள் முடிவெடுத்தாள்.

கோபத்தில் இல்லை. துவைத்த துணியைக் கொடியில் போடுவது போல, செய்ய வேண்டிய வேலையாக எடுத்துக்கொண்டாள். சர்ச்சில் ஏற்பாடு செய்த சுற்றுலா வசதியாக வந்து வாய்த்தது. முதல் நாள் கிமரைன்ஷ், போர்ட்டோ. மறுநாள் டோரு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள், கோயிம்ப்ரா. அப்புறம் நஸரே கடற்கரை. வெளியூரில், பஸ் நெரிசலில், கண்டதையும் தின்கிற கூட்டத்தில் ஒரு வயசானவர் மாரடைப்பில் போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

உப்பு மீனையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து உருண்டை பிடித்துப் பொரித்தாள். ஒன்றில் மட்டும், தோட்டத்துக் கொட்டகையில் இருந்த பூச்சி மருந்து. இரண்டாம் நாள் காலையில் அதைக் கணவரின் டப்பாவில் மேலாக வைத்தாள். மேலே இருப்பதைத்தான் அவர் முதலில் எடுப்பார். முப்பது வருஷமாகப் பார்த்த கை அல்லவா?

டோரு ஆற்றுக்கு மேலே, பின்யாங் ஊர் தெரிகிற மேட்டில் மதியச் சாப்பாட்டுக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். சரிவெல்லாம் திராட்சை. அறுவடைக் கூடைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கூட்டம் நிழல் தேடி உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

ஜெர்மானோ பையிலிருந்து, நாப்கினில் சுற்றிய எதையோ எடுத்தார். அவள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைப் பார்த்தார்.

"ஒடேட்… இது உனக்கு. நானே கிண்டினது."

ஒடேட்!

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அவள் பெயர்.

நாப்கினுக்குள் ஒரு துண்டு மார்மெலாடா. அவரே தோட்டத்துப் பழத்தைக் கிண்டி, இறுக வைத்து, சதுரமாக வெட்டி, மேலே பாலாடைக்கட்டி வைத்திருந்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள். வாயில் வைக்க மனசு வரவில்லை. மரத்த ஈறில் உணர்ச்சி திரும்பும்போது குத்துமே… அப்படி உள்ளே எங்கோ குத்தியது.

அவர் டப்பாவைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. திரும்பினாள்.

ஜெர்மானோ டப்பாவைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சாப்பிடுறீங்களா, எவரிஸ்டோ?"

கேட்பது மரியாதை. இன்னொருத்தர் பார்க்கச் சாப்பிடும்போது கேட்காமல் வாயில் வைப்பவனை ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். 'நீங்க நல்லா சாப்பிடுங்க' என்று சொல்லி மறுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. கேட்டவரும் பிழைத்தார், கேட்கப்பட்டவரும் பிழைத்தார், டப்பாவும் பிழைத்தது. இப்படித்தான் காலங்காலமாக நடக்கிறது.

ஆனால் எவரிஸ்டோ நாற்பது வருஷம் வெளிநாட்டில், லியோனில் சுவர் பூசிவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பியவர். மறுக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஓ… தாராளமா!"

மேலே இருந்த உருண்டையை எடுத்து, ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

ஒடேட் கத்தவில்லை. வாய் திறக்க மறுத்தது. ஒரு மனுஷன் கண்ணெதிரே சாவை மென்று தின்றான். அவள் அவன் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கோயிம்ப்ராவில் தங்க இடம் கிடைக்கவில்லை. கல்லூரி திறக்கிற வாரம், ஊர் முழுக்க மாணவர்கள். போலீஸ் ஜீப் ஒன்று முன்னால் போக, பஸ்ஸை நஸரேவுக்கே ஓட்டச் சொன்னார்கள். ஏற்கெனவே பேசி வைத்த லாட்ஜ். எவரிஸ்டோவின் சீட் மட்டும் காலி.

மறுநாள் காலை லாட்ஜின் சாப்பாட்டு அறையில் விசாரணை ஆரம்பமானது. இன்ஸ்பெக்டர் ஸுல்மிரா ஐம்பதைத் தாண்டியவள். குட்டை முடி. தூக்கம் கெட்ட முகம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அவருக்கு யாரெல்லாம் சாப்பாடு குடுத்தீங்க?"

"யாரும் குடுக்கலை," என்றார் சர்ச் மணி அடிக்கிற கிழவர். "கேட்டோம். அவ்வளவுதான்."

"கேட்டீங்க. அவர் மறுத்தாரா?"

"அதான் மறுக்கலையே!" கிழவரின் குரலில் துக்கத்தைவிடக் குறை அதிகமாக இருந்தது. "என் டப்பாவுல இருந்த சாஸேஜைப் பாதிக்கு மேல எடுத்துக்கிட்டார். ஒரு பேச்சுக்குக் கேட்டா, இப்படியா?"

ஸுல்மிரா சிரிப்பை அடக்க பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பஸ்ஸில் பாதிப் பேர் அவரிடம் கேட்டிருந்தார்கள். பாதிப் பேரிடமும் அவர் வாங்கித் தின்றிருந்தார். யார் டப்பாவிலிருந்து எது என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"அவர் வயித்துல விஷம் இருந்திருக்கு," என்றாள் ஸுல்மிரா. "ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகாத ஆள். சொத்து இல்லை, சொந்தம் இல்லை, விரோதி இல்லை. அப்படின்னா குறி அவர் இல்லை. உங்கள்ல யாரோ ஒருத்தர் டப்பாவுல அது இருந்திருக்கு. அந்த ஒருத்தர் இன்னும் உயிரோட இங்கேதான் உட்கார்ந்திருக்கார்."

சிலர் தங்கள் மனைவியைப் பார்த்தார்கள். சிலர் கணவரைப் பார்த்தார்கள். காபிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின.

ஜெர்மானோவும் ஒடேட்டைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள்.

வெளியூர் போகக் கூடாது, மற்றபடி இஷ்டம் போல் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கடற்கரையில் கருவாடு காயப் போட்டிருந்த வலைப்பலகைகளுக்கு நடுவே ஒடேட் தனியாக உட்கார்ந்திருந்தாள். அலை வந்தது. போனது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பக்கத்தில் மணல் நெரிந்தது. ஜெர்மானோ!

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே நாற்காலி எதுவும் இல்லை. அவளிடம்தான் கேட்டார்.

"தூங்கினேன்."

"உடம்பு… பரவாயில்லையா? தலை சுத்தல், கித்தல்?"

"இல்லை. நல்லா இருக்கேன்."

"ஓ." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "உடம்பைப் பார்த்துக்க, ஒடேட்."

எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

இரண்டாவது தடவையாக அவள் பெயர். ஒடேட்டுக்கு மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. அவள் அழுதாள்… ஒன்பது வருஷத்து அழுகை, பக்கத்தில் மீன் விற்ற பெண் எழுந்து வந்து முதுகைத் தடவுகிற அளவுக்கு. இந்த மனுஷனையா கொல்லப் பார்த்தேன்? ஒரு பாவப்பட்டவன் குறுக்கே வந்து தின்றுவிட்டுப் போயிருக்காவிட்டால், 'உடம்பைப் பார்த்துக்க' என்று சொல்ல இன்றைக்கு இவர் இருந்திருப்பாரா?

மாலையில் டெல்ஃபினா வந்து செய்தி சொன்னாள். ஆதாரம் எதுவும் சிக்கவில்லையாம். நாளைக் காலை எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார்களாம்.

தப்பித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் போதும்.

ஒடேட் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நேராக இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

*

"நான்தான்," என்றாள்.

ஸுல்மிரா கையில் இருந்த சிகரெட்டைப் பற்ற வைக்காமலே கீழே வைத்தாள். "உட்காருங்கம்மா. நீங்கதான்னா?"

"உருண்டையில விஷம் வெச்சது நான்தான். எவரிஸ்டோவுக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு. அவர் மரியாதைக்கு நீட்டினார். அந்த மனுஷன் எடுத்துட்டார்."

"என்ன விஷம்?"

"திராட்சைக்குத் தெளிக்கிற மருந்து."

ஸுல்மிரா மெதுவாகத் தலையாட்டினாள். காரணம் கேட்டாள். ஒடேட் பூனையைப் பற்றிச் சொன்னாள். நாற்காலியைப் பற்றிச் சொன்னாள்.

"நாளைக்கு உங்களை விட்டிருப்போமே. எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

"அவர் மாறிட்டாரும்மா. நேத்து மேட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தன் கையால கிண்டின மார்மெலாடாவை, நாப்கின்ல சுத்தி எனக்குன்னு எடுத்துட்டு வந்திருந்தார். அப்படிப்பட்ட மனுஷன் பக்கத்துல, இதை மனசுல வெச்சுக்கிட்டு என்னால படுக்க முடியாது."

ஸுல்மிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மார்மெலாடாவா?"

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லைம்மா. வாயில வைக்க மனசு வரலை."

"அப்ப அதை என்ன பண்ணினீங்க?"

ஒடேட் தலையைக் குனிந்துகொண்டாள். "எவரிஸ்டோ என் மடியையே பார்த்துக்கிட்டிருந்தார். வாய் தானா 'சாப்பிடுறீங்களா'ன்னு கேட்டுடுச்சு. எப்படியும் சாகப்போற மனுஷன்… கடைசியா ஒரு இனிப்பாவது சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு குடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஸுல்மிரா எழுந்து போய் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு வந்தாள்.

"அம்மா… லேப்ல சொன்னதுல ஒரு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலை. எவரிஸ்டோ வயித்துல ரெண்டு விஷம் இருந்துச்சு. ஒண்ணு பூச்சி மருந்து."

"இன்னொண்ணு?"

"அரளி. இனிப்புல கலந்தது."

ஒடேட்டுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. 'ராத்திரி நல்லாத் தூங்கினியா?' 'தலை சுத்தல், கித்தல்?' அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனது ஏன் என்பதும் விளங்கியது.

காலையில்தான் உயிர் வந்திருந்த இடம் மறுபடியும் மரத்தது. இந்த முறை குத்தக்கூட இல்லை.

"அவர் என் பேரைச் சொன்னாரே…" என்றாள்.

"பின்னே? நாற்காலிக்கா குடுக்க முடியும்?" என்றாள் ஸுல்மிரா. சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை ஒடேட் பக்கம் நகர்த்தினாள். ஒடேட் அதைத் தொடவில்லை.

கீழே கான்செர்டினா சத்தம் கேட்டது. ஸுல்மிரா கதவைத் திறந்து கான்ஸ்டபிள்களைக் கீழே அனுப்பினாள். சத்தம் பாதிப் பாட்டில் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜெர்மானோவை மாடிப்படி ஏற்றிக் கூட்டிவந்தார்கள். வாசற்படியில் நின்று மனைவியைப் பார்த்தார். மனைவியும் அவரைப் பார்த்தாள்.

அரளி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. தனக்கு வைத்த உருண்டையைப் பற்றிச் சொன்னபோதுதான் வாய் பிளந்தார்.

"இவளா? என்னையா?" என்றார், நியாயம் கேட்கிற குரலில்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல உங்களுக்குள்ள மனசு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை போல," என்றாள் ஸுல்மிரா.

தலைமைக் கான்ஸ்டபிள் தயங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"மேடம், கைவசம் ஒரு ஜீப்தான் இருக்கு. கோயிம்ப்ரா வரைக்கும் ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வைக்கலாமா?"

"தாராளமா வைங்க. ஒன்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு, பேசிட்டு வரட்டும்." ஸுல்மிரா சிகரெட்டைப் பற்ற வைத்தாள். "வழியில சாப்பிடுறதுக்கு மட்டும் எதையும் ஒருத்தருக்கொருத்தர் நீட்ட விடாதீங்க… உங்ககிட்ட நீட்டினா, நீங்களாவது வேண்டாம்னு சொல்லிடுங்க!"