காட்ட மறுத்த கடிதங்கள்

மேஸ்திரியின் சட்டை முழுக்கச் சாராய வாடை.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர்!

கொதிகலன் அறையின் இரும்பு ஏணிக்கடியில் கழுத்து ஒடிந்து கிடந்தார். மானேஜர் வந்தார், பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். 'குடித்துவிட்டு விழுந்தான்' என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்தார். போலீஸும் ஃபைலை மூடிவிட்டது. கொதிகலனில் விரிசல் இருப்பதை மேலிடத்துக்கு எழுதப்போவதாக மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தாரே... அந்தக் கதையை யாரும் கேட்கவில்லை.

அவர் மனைவி விடவில்லை. கம்பெனி மீது சிவில் வழக்குப் போட்டாள்.

"எனக்கு வேற எதுவும் வேணாம் சார். அவரு குடிகாரர் இல்ல, கொன்னுட்டாங்கன்னு கோர்ட்டு சொல்லணும். அவ்வளவுதான்."

ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் தலையைச் சொறிந்தார். "சாட்சி இருக்காம்மா?"

"ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க."

"அப்போ காகிதம்தான் பேசணும். ரெண்டு பக்கமும் கையில இருக்கற காகிதங்களை ஒருத்தருக்கொருத்தர் காட்டியாகணும். அதான் ரூல்."

"கொன்னவன் எப்படி சார் காட்டுவான்?"

"காட்ட மாட்டான். வக்கீலுக்கு எழுதின கடிதம், ரகசியம்னு சொல்லி நிறுத்தி வெப்பான். ஆனா எதையெல்லாம் நிறுத்தி வெச்சான்னு பட்டியல் குடுக்கணும். யாரு, யாருக்கு, எதைப் பத்தி, என்னிக்கு எழுதினதுன்னு..."

பட்டியல் வந்தது. இருபத்தேழு கடிதங்கள்.

வக்கீல் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தார். கடைசி வரியில் கொட்டாவி பாதியில் நின்றது.

"உன் வீட்டுக்காரர் என்னிக்கும்மா இறந்தாரு?"

"பன்னெண்டாம் தேதி சார்."

அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

'எண் 27. மானேஜர், கம்பெனி வக்கீலுக்கு எழுதியது. பொருள்: மேஸ்திரியின் மரணம், கம்பெனியின் பொறுப்பு. தேதி: 11.'

அவள் தேதியின் மேல் விரலை வைத்தாள். "சாகறதுக்கு முந்தின நாளே..."

"ஆமா. எவனோ ஒரு குமாஸ்தா ஃபைல்ல இருக்கறதை அப்படியே எழுதியிருக்கான். யோசிக்கற பழக்கம் இல்லாத ஆளு. நல்லா இருக்கணும் அவன்."

"இப்பவே ஜட்ஜுகிட்ட போலாம் சார்."

வக்கீலின் முகம் வாடியது. "போக முடியாதும்மா. அந்தக் கடிதத்தைக் குடுங்கன்னு முதல்ல அவங்களுக்கே எழுதிக் கேக்கணும். மாட்டேன்னு சொன்னாதான் கோர்ட்டு. அதுவும் ரூல்தான்."

"திருடன்கிட்ட சொல்லிட்டுத்தான் திருட்டைப் பிடிக்கணுமா?"

வக்கீல் பேனாவை எடுத்தார். எழுதிக் கேட்டார். கம்பெனி மறுத்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

"டைப்பிங் தப்பு, யுவர் ஆனர். பதிமூணுங்கறது பதினொண்ணு ஆயிடுச்சு" என்றார் கம்பெனி வக்கீல், மகா பணிவோடு.

பதிமூன்று என்று தேதியிட்ட ஒரு கடிதத்தை நீதிபதி மட்டும் வாங்கிப் பார்த்தார். புத்தம்புதுக் காகிதம்! திருத்திய பட்டியலைப் பத்து நாளில் கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

படியிறங்கும்போது அவள் அழுதாள். வக்கீல் தடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, ஆபீஸில் அவள் வக்கீலின் எதிரே உட்கார்ந்திருக்கையில் கூரியர் வந்தது.

எண் 27-இல் தேதி 13. எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் கீழே புதிதாக ஒரு வரி... வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்ன சார்?"

"நடுவுல புதுசா கடிதம் வந்தா அதையும் சேர்க்கணும்னு ஒரு ரூல் இருக்கு. அந்தக் குமாஸ்தா சேர்த்திருக்கான்."

அவள் வாங்கிப் படித்தாள்.

'எண் 28. மானேஜர், கம்பெனி வக்கீலுக்கு எழுதியது. பொருள்: மேஸ்திரியின் மனைவி மரணம், இனி வழக்கு நிற்குமா?'

நேற்றைய தேதி!

கீழே ஒரு கார் வந்து நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம். இரண்டு பேர்.

வக்கீல் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். போலீஸுக்குப் போன் போட்டார். பதறிப் பதறிச் சொன்னார். மறுமுனை நிதானமாகக் கேட்டது.

"அந்தம்மா செத்துட்டாங்களா?"

"இல்ல சார், இங்கதான் இருக்காங்க."

"அப்போ நான் என்னன்னு சார் எழுதறது?"

போன் வைக்கப்பட்டது. கதவு ஒருமுறை அதிர்ந்தது. தாழ்ப்பாளின் ஒரு ஆணி கழன்று விழுந்தது.

அவள் பட்டியலை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"நல்ல மனுஷங்கதான் சார். என் சாவைக்கூட மறைக்காம, எனக்கே எழுதிக் குடுத்திருக்காங்க."