சீல் வைத்த மூன்று தொட்டிகள்

"சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஒரு கையெழுத்து போடணுமாம். போட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண்மணி உள்ளே வந்தார். உட்காரச் சொல்லும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வருவார்கள். இவரோ சண்டைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். துப்பறிவாளருடைய மைத்துனனுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

அவர் தாவர ஆராய்ச்சியாளர். விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"மூடிப்போன பேட்டரி ஆலைக்குப் பின்னாடி ஒரு காலனி இருக்கு. மண்ணு முழுக்க காட்மியம்ங்கற விஷ உலோகம். எந்தச் செடியும் உருப்படியா வராது. ஒரே ஒரு களை மட்டும் செழிச்சு நிக்குது. மண்ணுல இருக்கற உலோகத்த உறிஞ்சி இலையில சேத்து வச்சுக்குது. அதையே நட்டு, அறுத்து, எரிச்சா மண்ணு கொஞ்சம் கொஞ்சமா சுத்தமாகும். செடி என் வேலை. எரிக்கிற உலை இன்ஜினியர் வேலை. காலனிப் பிள்ளைங்க உடம்பப் பாக்கறது டாக்டர் வேலை. அவரு இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்லங்கறாரு."

"இப்ப என்ன சிக்கல்?" என்றார் துப்பறிவாளர்.

"முந்தின நாளே குறிச்சு வச்சிருந்த மூணு தொட்டிய எல்லார் முன்னாடியும் எடுத்து, இலையக் கிள்ளி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. தொட்டிக்கு சீல் வச்சாங்க. இலையில உலோகமே இல்லன்னு முடிவு வந்திருக்கு. நான் கதை கட்டிட்டேன்னு எங்க ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் சொல்றாரு. ஆராய்ச்சிய வாபஸ் வாங்கறேன்னு கையெழுத்து போட்டா, அந்த மண்ணு சுத்தம்னு ஆயிடும். பிள்ளைங்க அதுலயே புரண்டு விளையாடும்."

"வேற தொட்டியில இருந்து இலை எடுத்துப் பாக்கலாமே?" என்று மைத்துனன் குறுக்கே விழுந்தான்.

"கேட்டேன். அதுல நானே உலோகத்தக் கரைச்சு ஊத்தியிருப்பேனாம்."

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஊத்தினீங்களா? கதை கட்டினீங்களா?"

"கட்டியிருந்தா இதைவிட நல்லாக் கட்டியிருப்பேன்."

"கிளம்புங்க, போகலாம்" என்று துப்பறிவாளர் எழுந்தார்.

ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக்கூடம் அடுப்படி போலக் கொதித்தது. ஒரு பக்கம் வேறு யாரோ வளர்க்கும் முட்டைக்கோஸ். அதைப் புழுக்கள் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தன. பச்சைப் புழு ஒன்று மைத்துனன் சட்டைக் காலருக்குள் விழ, அவன் ஆடிய ஆட்டத்தை யாரும் ரசிக்கவில்லை. எதிர்ப்பக்கம் நீள மேசையில் அந்தக் களைச்செடிகள் பளபளவென்று நின்றன. மூலையில், நாடா சுற்றி அரக்கு சீல் வைத்த மூன்று தொட்டிகள் தனியாக இருந்தன. அவற்றின் இலைகள் பொத்தலும் கிழிசலுமாக வாடியிருந்தன.

"இதுங்களுக்கும் கவலை போல" என்றான் மைத்துனன்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. "இங்க பூச்சிமருந்து அடிக்கறதுண்டா மேடம்?"

"கிடையவே கிடையாது. அடிச்சா என் கணக்கெல்லாம் கெட்டுடும்."

அடுத்து உலைக் கொட்டகை. அதற்கு ஜன்னலே இல்லை. பொறியாளர் எரிந்து விழுந்தார். "ஆமா, மண்ணைக் கழுவற மெஷின் ஒண்ணு நானும் செஞ்சு வச்சிருக்கேன். செடி ஜெயிச்சா அதை எவனும் சீந்த மாட்டான். அதுக்காக நான் திருடனா? வேணும்னா உலைக்குள்ள தலைய விட்டுத் தேடிப் பாருங்க." அவர் செருப்பெல்லாம் காலனியின் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது.

மருத்துவரின் அறை நல்ல வெளிச்சமாக இருந்தது. அவரும் தங்கமான மனிதராகத் தெரிந்தார். கேட்காமலே தண்ணீர் கொடுத்தார். சுவரில் ஒரு கடிகாரம் நின்றுபோயிருந்தது.

"ஆலை மூடற வரைக்கும் அங்க நான்தான் டாக்டர். கடைசி நாள்ல குடுத்தாங்க. பேட்டரி ஆலை குடுத்த கடிகாரம், பேட்டரி இல்லாம நிக்குது பாருங்க" என்று அவரே சிரித்தார்.

வெயில் விழும் ஜன்னல் திண்டில் வட்ட வட்டமாகத் தடங்கள் இருந்தன. துப்பறிவாளரின் பார்வை அங்கே போவதை மருத்துவர் கவனித்தார்.

"எனக்கும் செடின்னா ஆசை. மேடம் குடுத்த விதையக்கூடப் போட்டேன். நல்லாத்தான் வந்துச்சு, புழு விடல. தூக்கிப் போட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்லவங்க அவங்க. கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

நடைக்கு வந்ததும் மைத்துனனால் பொறுக்க முடியவில்லை. "அத்தான், இன்ஜினியர்தான். செருப்புச் சேறே சொல்லுதே."

"அவர் மண்ணைக் கழுவற ஆளுன்னு சொல்லுது. வேற ஒண்ணும் சொல்லல. நீ ஒரு வேலை செய் மாப்பிள்ளை. உன் காலர்ல விழுந்த மாதிரி ஒரு புழுவ டப்பியில பிடிச்சுட்டு வா."

புழுவோடு அவனுக்கு ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை. ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்து வந்தான்.

நாலு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். மேசை நடுவே வாபஸ் கடிதம் தயாராக இருந்தது. இயக்குநர் பேனாவை ஆராய்ச்சியாளர் பக்கம் தள்ளினார். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

துப்பறிவாளர் சீல் வைத்த தொட்டி ஒன்றையும், அதிலிருந்து பறித்த ஓர் இலையையும், கண்ணாடிக்கூடத்து மேசைச் செடியிலிருந்து ஓர் இலையையும் கொண்டுவந்திருந்தார். புழுவை முதலில் மேசைச் செடி இலையில் விட்டார். அது வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சீல் தொட்டி இலையில் விட்டதும் பட்டினி கிடந்தது மாதிரி தின்னத் தொடங்கியது.

ஆராய்ச்சியாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கண்ணு முன்னாடியே இருந்திருக்கே. உலோகம் ஏறின இலையப் புழு தொடாது. இந்தச் செடி அதைச் சேத்து வைக்கறதே தன்னைத் தின்ன வர்றதுங்கள விரட்டத்தான். வந்த அறிக்கையவே வெறிச்சுப் பாத்துட்டிருந்தேன், இலையப் பாக்கல."

"அப்ப இலையில உலோகம் இல்லங்கறது நிஜந்தானே?" என்றார் இயக்குநர்.

"நிஜம். ஏன் இல்லன்னு பாப்போம். சீலை நீங்களே உடைங்க சார்" என்றார் துப்பறிவாளர்.

இயக்குநர் உடைத்தார். துப்பறிவாளர் தொட்டியை வாங்கி, சாவகாசமாக அந்தக் கடிதத்தின் மேலேயே கவிழ்த்தார். மண் மொத்தமாக வந்து விழுந்தது. செடியைச் சுற்றி மேற்பரப்பில் இருந்த ஒரு விரல் கனம் மட்டும் சாம்பல் மண்; உள்ளே முழுக்க முழுக்க கருகருவென்று தோட்டத்து மண்.

"சுத்தமான மண்ணுல இதே செடிய வளத்து, மேல மட்டும் காலனி மண்ணைத் தூவி, இலை கிள்ளறதுக்கு முன்னாடியே தொட்டிய மாத்தியிருக்காங்க. வளக்க விதை வேணும், வெயில் வேணும். இன்ஜினியர் கொட்டகையில வெளிச்சமே இல்ல. இந்தச் செடியப் புழு தின்னுதுன்னு எங்கிட்டச் சொன்னது ஒரே ஒருத்தர்தான். நல்ல மண்ணுல வளத்தவருக்குத்தான் அது தெரியும். இல்லையா டாக்டர்?"

மருத்துவர் கைக்குட்டையை எடுத்தார். "காலனியில பீதி கிளம்பும்னுதான்..."

"ஆலை நடந்த காலத்துல யார் உடம்புலயும் உலோகம் இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

மருத்துவர் நிமிரவில்லை. "நான்தான். செடி நிஜம்னா நான் எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடுமே."

மைத்துனன் பொறியாளரைப் பார்க்கக் கூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை நமக்குள்ளயே வச்சுக்கலாம். நிலையத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. அந்தக் கடிதத்தக் கிழிச்சுடுங்க."

"கிழிக்க வேண்டாம்" என்றார் ஆராய்ச்சியாளர்.

கடிதத்தில் கிடந்த மண்ணில் மேலடுக்கிலும் உள்ளடுக்கிலும் ஒவ்வொரு பிடி மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒதுக்கினார். கடிதத்தையே மடித்துப் பொட்டலமாக்கி, சுற்றிலும் நாடா ஒட்டினார். இத்தனை நேரம் தொடாத பேனாவை எடுத்து, "மாற்றி வைக்கப்பட்ட தொட்டியின் மண், காலனி மக்களுக்கான சாட்சி" என்று பொட்டலத்தின் மேல் எழுதினார். கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"நாலு மணிக்கு என் கையெழுத்து வேணும்னீங்களே சார். இந்தாங்க."

யாரும் கேட்காமலே பொறியாளர் எழுந்து வந்து அதன் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். ஆராய்ச்சியாளர் பேனாவை வாங்கி இயக்குநர் பக்கம் தள்ளினார்.

"இப்ப நீங்க போடுங்க."