ஒரு ஸ்பேனர் குறைந்தால்...

கிர்ர்ரிங்... கிர்ர்ரிங்...!

காலங்காத்தாலே டெலிபோன் அலறியது. ஜெரோம் எடுக்கவில்லை.

யார், எதற்காக என்று அவருக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அந்த மணிக்காகத்தான் விழித்திருந்தார்.

மறுபடியும் அலறியது. எடுத்தார்.

"ஏனுங்க ஜெரோம்...! நான் ரங்கம்மாள்... பொள்ளாச்சியில இருந்து இப்பத்தான் வந்தேனுங்க... கார் ஷெட்டுல அவரு... ரத்தமா கெடக்கறாருங்க...!"

"இதோ... வாரேனுங்கம்மா...!"

குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை!

ரங்கம்மாளின் கணவர் கமாண்டர் கோவிந்தராஜுலு. வீடு சிங்காநல்லூரில். கடற்படையின் விமானப் பிரிவில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயரானவர். அவருக்குக் கீழே மெக்கானிக்காக இருந்தவர் ஜெரோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் கமாண்டரின் பழைய பியட் காருக்கு வைத்தியம் பார்ப்பவர்.

நேற்று மாலை அதே ஷெட்டில், கமாண்டரின் பின்மண்டையில் ஸ்பேனரை இறக்கியவரும் அவரேதான்!

ஜெரோம் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. பிணத்தின் மேல் வெள்ளைத் துணி. கான்ஸ்டபிளின் பிடியில் டிரைவர் மாரப்பன்.

"நேத்துக் காலைலதான் சார் இவனை வேலையை உட்டு நிறுத்தியிருக்காரு. வாசல்ல நின்னு கத்தியிருக்கான்" என்றார் கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டரிடம்.

"சத்தியமா நானில்லீங்கய்யா...! கோவத்துல நாலு வார்த்தை பேசிப்போட்டேன். அவ்வளவுதானுங்க...! ஜெரோம் சார், நீங்களாவது சொல்லுங்க...!"

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. பாவி... ஒரு அப்பாவி ஜெயிலுக்குப் போகப்போகிறான்!

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"கமாண்டர் ஏதோ புஸ்தகம் எழுதிட்டிருந்தாராமுங்க?"

"ஆமாங்க... நேவியில ப்ளேன் வந்த கதை. சூலூர்ல எங்க ப்ளேனெல்லாம் நின்னுச்சுங்களே, அந்தக் காலமெல்லாம் வருமுங்க..."

"நேவின்னா கப்பல்தானுங்களே? ப்ளேன் எதுக்குங்க?"

"கப்பல் மேல இருந்தே ப்ளேன் கெளம்புமுங்க. எல்லாத்துக்கும் மேல கமாண்டுன்னு தலைமையகம். அதுக்குக் கீழ விமானதளம். தளத்துக்குக் கீழ ஸ்குவாட்ரன்னு ப்ளேன் குழு..."

"அதுக்கும் கீழ?"

"என்னை மாதிரி ஆளுங்க."

இன்ஸ்பெக்டரின் பார்வை சுவரில் இருந்த பலகைக்குப் போனது. ஒவ்வொரு டூலின் உருவத்தையும் கறுப்புப் பெயின்ட்டில் வரைந்து, அதன் மேலேயே அந்த டூல் மாட்டப்பட்டிருந்தது.

"இதென்னுங்க, சாமி படம் மாதிரி மாட்டி வெச்சிருக்குது?"

"எங்க வழக்கமுங்க. வேலை முடிஞ்சா எல்லாத்தையும் எண்ணி, அதனதன் எடத்துல மாட்டிரோணும். ஒரு ஸ்பேனர் குறைஞ்சாலும் ப்ளேன் பறக்கக் கூடாது. உள்ளயே கெடந்துச்சுன்னா..."

"கெடந்துச்சுன்னா...?"

"விழுந்துருமுங்க."

முன்பு அப்படி ஒரு ப்ளேன் விழுந்தது! ஒரு ஸ்பேனர் குறைந்த நாள் அது. அவசரம் அவசரம் என்று மேலிடம் விரட்ட, எண்ணாமலேயே 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டார் ஜெரோம். ஓட்டிப்போன பையன் கடலில் இருந்து திரும்பவில்லை. காரணம் தெரியவில்லை என்று விசாரணையை மூடிவிட்டார்கள். ஜெரோமின் தூக்கம் போனது போனதுதான்!

இன்ஸ்பெக்டர் ஒரு கட்டிங் பிளேயரைக் கழற்றிப் பார்த்தார். வேண்டுமென்றே வேறொரு ஆணியில் மாட்டினார்.

"மாரப்பனை ஜீப்புல ஏத்துங்கப்பா!"

மாரப்பன் கதறினான். ஜெரோமின் கையோ தன்பாட்டுக்கு நீண்டு, பிளேயரை எடுத்து அதன் இடத்தில் மாட்டியது.

"ஏத்த வேண்டாம்... நிறுத்துங்க!"

கான்ஸ்டபிளைத் தடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"எல்லா டூல்லயும் கிரீஸ் அப்பிக் கெடக்குது. இந்தப் பெரிய ஸ்பேனர் மட்டும் மண்ணெண்ணெய்ல குளிச்சு பளபளன்னு இருக்குதுங்களே, ஜெரோம்?"

ஜெரோம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மாரப்பனா இருந்தா நொய்யல் ஆத்துல வீசிப்போட்டு ஓடியிருப்பானுங்க. ஆளைக் கொன்னுபோட்டு, கழுவித் தொடைச்சு, அதே எடத்துல மாட்டற வழக்கம் இங்க ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தரு துணிக்கு அடியில கெடக்கறாரு!"

ஜெரோம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானுங்க...! மாரப்பனை உட்டுருங்க...! பானெட்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டே, 'ஜெரோம், அந்த விபத்தையும் எழுதப்போறேன்'னாருங்க. என் பேரு வந்துருமே... ஒரு பையனைக் கொன்னவன்னு ஊரே காறித் துப்புமேன்னு... அதுக்கு மேல அவரைப் பேச உடலீங்க...!"

"அதுக்கு மேல என்ன சொல்ல இருந்தாருன்னு நான் சொல்லட்டுங்களா?"

ரங்கம்மாள்! ஷெட் வாசலில் நின்றிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"நேத்து உக்கடத்துல என்னை பஸ் ஏத்தி உடறப்பச் சொன்னாருங்க. 'எண்ணி முடிக்கறதுக்குள்ள ப்ளேனைக் கெளப்புன்னு வெரட்டுனது நான். தப்பு என்னோடதுன்னு எழுதப்போறேன். ஜெரோம் பேரே வராது. இத்தனை வருசமா அவன் ஒருத்தனே சொமக்கறான்... மன்னிப்புக் கேக்கோணும்'னாரு. அதுக்குத்தானுங்க உங்களை வரச் சொன்னாரு...!"

"ஐயோ...!"

ஜெரோம் தலையில் அறைந்துகொண்டு அழுதார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"எந்திரிங்க ஜெரோம்... கோர்ட்டுல ஜட்ஜய்யா பேசறப்பவாவது, கடைசி வரைக்கும் கேட்டுப்போட்டு அப்புறமா கையை ஓங்குங்க!"