காத்திருப்புத் திருகு

"தேங்காய் பன்னு ஒண்ணு குடுங்க மாமா" என்று ஆவுடையின் கழுத்திலிருந்து சொல்முந்தி கேட்டு முடித்தபோது, ஆவுடை இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. பேக்கரிக்காரர் பன்னை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். ஆவுடை பன்னை வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த முறுக்கு பாட்டிலையே அவள் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவள் அம்மா கோமதி உட்பட.

பாளையங்கோட்டையில் இப்போது டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் யாரும் சொல்முந்தி இல்லாமல் வெளியே வருவதில்லை. கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்னக் கருவி அது; புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். குரல் எழும்புவதற்கு முன்பே தொண்டைத் தசை இறுகுகிற விதத்தைப் பிடித்து, பிள்ளை சொல்ல வருவதை ஊகித்து, பிள்ளையின் குரலிலேயே கணீரென்று சொல்லிவிடும். ஊகிக்க வழியில்லை என்றால், ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் சொல்முந்திகள் அதிகம் பேசிய வாக்கியம் ஒன்றை எடுத்துப் போடும்.

அதன் முதுகில் காத்திருப்புத் திருகு என்று ஒன்று உண்டு. பிள்ளை தானாகப் பேச எவ்வளவு நேரம் விடுவது என்பதை அதில்தான் வைக்க வேண்டும். "இவங்களுக்குக் கேள்வி புரியும். பதில் வரத்தான் நேரமாகும். திருகைக் கூட்டியே வைங்க" என்று பள்ளியில் ஸ்டெல்லா டீச்சர் முதல் நாளே சொன்னாள். கோமதியும் அப்படித்தான் வைத்தாள். ஆனால் ஊருக்கு ஏது பொறுமை? பஸ்ஸில் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். கல்யாண வீட்டில் நாத்தனார் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் கோமதி திருகைக் கொஞ்சம் குறைத்தாள். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் குறைப்பதாக நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவமானம்தான். கடைசியில் திருகு அடிமட்டத்துக்கு வந்து நின்றது.

சொல்முந்தி வருவதற்கு முன்னால் ஆவுடைக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேச வேண்டுமென்றால் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். உதட்டையே பார்ப்பாள். பிறகு பாடுபட்டு, இழுத்து இழுத்து, "இட்...டி" என்று இட்லி கேட்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கோமதி அசைய மாட்டாள். அந்தக் கை எப்போது தாடைக்கு வருவதை நிறுத்தியது என்று இப்போது கேட்டால் கோமதிக்கு ஞாபகம் இல்லை.

"ஸ்கூல் எப்படி இருந்துச்சு மக்கா?" என்று சாயங்காலம் கேட்பாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்மா" என்று பதில் வரும். எல்லாச் சாயங்காலமும் வரும். கோமதிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ஆறாம் வகுப்பில் ஆவுடை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமானால், ஒரே ஒரு பதிலைச் சொல்முந்தி இல்லாமல் சொல்ல வேண்டும். பதில் சரியா தப்பா என்பது கணக்கில்லை. அவளுடையதாக இருந்தால் போதும்.

"வீட்டுல நல்லாப் பேசுதா டீச்சர்" என்றபடி கோமதி, தேர்வு அறையில் மகளின் கழுத்திலிருந்து சொல்முந்தியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ஸ்டெல்லா டீச்சர் நாற்காலியை ஆவுடைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆவுடை, உனக்கு என்ன பிடிக்கும்? மெதுவாச் சொல்லு. நான் எங்கேயும் போகல."

ஆவுடை மேசைமேல் கிடந்த சொல்முந்தியைப் பார்த்தாள். அது பதில் சொல்லும் என்று காத்திருந்தாள். அது சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்பதே, பாவம், அவளுக்கு மறந்துபோயிருந்தது. டீச்சர் அசையாமல் இருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஆவுடையின் கை மெல்ல உயர்ந்தது. அம்மாவின் தாடையைப் பிடித்தது. திருப்பியது. பழைய அதே பிடி. பிள்ளையின் உதடு குவிந்து, நாக்கு மேலே எழும்பியது.

வெளியே வரிசையில் நின்ற யாரோ கதவைத் தட்டினார்கள்.

"மாம்பழம்னா இவளுக்கு உசுரு டீச்சர்!" என்றாள் கோமதி அவசரமாக. "அதைத்தான் சொல்ல வாரா."

குவிந்த உதடு மூடிக்கொண்டது. கை கீழே இறங்கியது.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடைக்குக் கோபமில்லை. மேசையிலிருந்த சொல்முந்தியை எடுத்தாள். எட்டி, அம்மாவின் கழுத்தில் மாட்டி, கயிற்றைச் சரிசெய்தாள். பேசுகிற ஆளிடம்தானே அது இருக்க வேண்டும்?

கோமதிக்குத் தாங்க முடியவில்லை. தப்புப் பண்ணிட்டேன் டீச்சர், இன்னொரு தடவை கேளுங்க, இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். அழுகை முந்திக்கொண்டு வந்து தொண்டையை அடைத்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்மா" என்றது அவள் கழுத்திலிருந்து மகளின் குரல்.

அதே குரல், அதே வாக்கியம். அப்படியானால் அந்தச் சாயங்காலங்களில் எத்தனை நாள் ஆவுடையின் தொண்டை இப்படி அடைத்திருந்தது? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்க வாயெடுத்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்மா" என்று சொல்முந்தி மறுபடியும் முந்திக்கொண்டது.