பழைய பதிப்பைப் போடட்டுமா?

பக்கத்து அறையில் ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாண்டு, திடீரென்று இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு இறங்கினாள். ஏழில் தடுக்கி விழுகிற பிள்ளை இரண்டில் போய் இளைப்பாறுவது சகஜம்தான் என்று அவள் அப்பா நினைத்துக்கொண்டார். நினைத்தபடியே ‘சரி’ என்று ஒரு பொத்தானைத் தட்டினார்.

அவருக்கு வெள்ளக் கணக்குப் போடுகிற உத்தியோகம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினியைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு லைப்ரரி தேவை. அதாவது, யாரோ புண்ணியவான் எழுதிக் கட்டிவைத்த சூத்திர மூட்டை. மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம் வீட்டிலிருந்தே அதை நிறுவிக்கொண்டிருந்தார். லைப்ரரி ஒண்டியாக வருகிற விருந்தாளி அல்ல. கூடவே மச்சான் வருவார், மச்சானின் சகலை வருவார், அந்தச் சகலைக்கோ தன் சித்தப்பா இல்லாமல் தூக்கம் பிடிக்காது. இந்த லைப்ரரி அதற்கு மேல், பழங்காலத்து ஆசாமி. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் என் காலத்து ஆட்களாக இருந்தால்தான் உள்ளே கால் வைப்பேன் என்றது. ‘இருப்பதை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பைப் போடட்டுமா?’ என்று திரை ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டது. அவரும் அந்தத் தொழிலில் உள்ள எல்லாரையும் போலப் படிக்காமலே தட்டிக்கொண்டு போனார்.

“அட மனுஷா, அந்தப் பொட்டியக் கட்டிட்டு வந்து தட்டைக் கழுவு!” என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

“இதோ, முடியப் போகுது.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து முடியப் போகுது!”

சரி. தட்டினார்.

தலைக்கு மேலே வருஷக்கணக்காகக் கடகடத்துவந்த மின்விசிறி, கடையிலிருந்து வாங்கிவந்த அன்று போல ஓசையில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. வெளியே தகரக் கொட்டகையில் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்த மழை, அந்தக் கொட்டகைக்காக எப்போதோ வெட்டிச் சாய்த்த மரத்தின் இலைகளில் சலசலவென்று விழுந்தது. மூலைகளின் ஒட்டடைகள் ஒவ்வொன்றாக மறைந்து, சுவர்களிலிருந்து புதுச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியது. பக்கத்து அறையில் வாய்ப்பாடே நின்றுபோயிருந்தது.

“அப்பா, தன்னி வேனும்.”

மழலை. வாண்டுக்கு அது விட்டுப்போய் எத்தனையோ காலமாகிறது.

“என்னடா விளையாட்டு இது?”

பதிலுக்கு ஒரு சிரிப்பு. பல் முளைக்காத வாயின் சிரிப்பு.

உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, அவர் திரையில் ஓடுவதைப் படித்தார். இப்போது அது எதையும் கேட்கவில்லை. தானே ‘சரி’ சொல்லிக்கொண்டு தானே நீக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க, தட்டையெல்லாம் நானே கழுவிட்டேங்க. நீங்க வேலையைப் பாருங்க.”

மனைவியின் குரல்தான். கல்யாணமான புதிதில் இருந்த குரல். மனிதருக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அடுத்த கணம் முதுகுத்தண்டு குளிர்ந்தது.

கல்யாணமான புதிதில் வாண்டு கிடையாது.

அந்த அறையும் கிடையாது. அவள் பிறந்த பிறகு கூடத்துச் சுவரை இடித்துக் கட்டிய அறை அது.

உள்ளே பச்சைக் குழந்தை வீறிட்டது. வீறல் தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது.

நிறுத்து என்று தட்டினார். நிற்கவில்லை. மறுபடி தட்டினார். கணினியின் மின்கம்பியைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார்.

திரை கறுத்தது.

பாதியில் பிடுங்கக் கூடாது. முழுசாக நீக்கியதைவிடப் பாதி நீக்கியது மோசம். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஓடினார்.

கதவு இருந்த இடத்தில் சுவர். ஈரச் சுவர்.

“யாரைங்க தேடறீங்க?” பின்னால் மனைவி. ஒல்லியாக, இளசாக, பாதி வெட்கத்தோடு.

“வாண்டு... நம்ம வாண்டு...”

“யாருங்க அது?”

சுவர்ப்பூச்சு மெல்லப் புடைத்தது. அவர் இடுப்பு உயரத்தில். உள்ளேயிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை. ஐந்து விரல்.

அவர் நகத்தால் பிராண்டினார். விரல்கள் அசைந்தன. பிராண்டினார்.

சுவர் மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டு வந்தது.